பாதி பிஸ்கட், இரண்டு மணி நேரம்

சனிக்கிழமை மதியம் ஒன்று நாற்பத்தேழு. சமையலறை ஜன்னல் வழியாக முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. பின்பக்கப் புல்தரையின் நடுவில் குடை மாதிரி விரிந்து நிற்கும் துணிக்கொடியின் கம்பியை அந்தக் கை பிடித்திருந்தது. கைக்குக் கீழே என் மைத்துனர், என் மனைவியின் அண்ணன், வேட்டியும் நெற்றியில் நாமமுமாக நின்றார். நெரிசலில் ஏறிய பயணி மேல்கம்பியைப் பிடித்துக்கொள்வாரே, அந்தப் பிடி. அவர் ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிறவர். பயணியாக நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெளியே போனேன்.

"என்ன மச்சான்?"

"மாப்ள, இது நகருதா?"

"எது?"

"வீடு."

திரும்பிப் பார்த்தேன். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். கிளென் ஈடனில் மற்ற வீடுகளைப் போல அதுவும் மரத்தில் கட்டியது, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றது.

"இல்ல" என்றேன்.

"அப்ப எனக்குத்தான்" என்றார். ஒரு பிரேக் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டவர் குரலில் சொன்னார். பிறகு கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அன்று புரட்டாசி மூன்றாம் சனி. பெருமாளுக்குத் தளிகை போடும் நாள். மைத்துனர் வீட்டில் காலையிலிருந்து அடுப்பு அணையவில்லை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, உளுந்து வடை, சுண்டல். படைக்கும்வரை பெரியவர்கள் வெறும் காப்பி மட்டும். என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை வேலை என்பதால் நான் மட்டும் ரானுயியிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். பத்தரை மணிக்கு வந்ததும் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பாத்திரம் கழுவுவது. அந்த வீட்டில் பண்டிகை என்றால் மாப்பிள்ளை மரியாதை அந்த அளவுக்குத்தான்.

கழுவ வேண்டியவற்றில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவும் இருந்தது. இரண்டு லிட்டர், வெள்ளை நிறம், நீல மூடி. இந்த ஊரில் அந்த டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருப்பது அபூர்வம். எங்கள் வீடுகளில் இட்லி மாவு இருக்கும், வெள்ளைக்காரர் வீடுகளில் ஆணி இருக்கும், அல்லது பிஸ்கட். இது பக்கத்து வீட்டுப் பெண்மணி அன்று காலை வேலிக்கு மேலாக நீட்டியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், தோட்டமே கதி என்று கிடப்பவர். மைத்துனர் மனைவிக்குத் தோள்பட்டை வலி. இரவில் புரண்டு படுக்க முடியவில்லை என்று வியாழக்கிழமை அவரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கும் அதே தோள்பட்டை, அதே வலி. "இதைச் சாப்பிட்டுப் பார், தூங்குவாய். எல்லாம் மூடியில் எழுதியிருக்கிறேன்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மைத்துனர் மனைவி சும்மா வாங்கிவிடவில்லை. விசாரித்தார். முட்டை உண்டா? இல்லை. ஜெலட்டின்? இல்லை. பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு? ஐயோ, இல்லவே இல்லை, வெண்ணெய்க்குப் பதில்கூடத் தேங்காய் எண்ணெய்தான், முழுக்க வீகன். வெங்காயம், பூண்டு? பிஸ்கட்டில் எதற்கு என்று அந்த அம்மா சிரித்திருக்கிறார். நான் செய்தியாகப் படித்த பத்திரிகையாளர் சந்திப்புகளில் பாதிக்கு மேல் இதைவிட மோசமாக நடந்தவை. நான்கு கேள்விகள், நான்குக்கும் நேரான பதில். எல்லாக் கேள்வியும் அதில் என்ன இல்லை என்பதைப் பற்றியது.

எட்டு பிஸ்கட். முறைப்படி அவை எங்கள் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறின. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் கொடுக்கக் கூடாது, காலியாகவும் கொடுக்கக் கூடாது. அதனால் நான் கழுவ வேண்டும். கழுவியதும் அவர் முறுக்கு நிரப்புவார். மூடியில் வெள்ளைத் தாள் ஒன்று பசை டேப்பில் ஒட்டியிருந்தது. சுடுநீரில் ஊறியதும் தானாக உரிந்து, எழுத்துப் பக்கம் கீழாக, தொட்டியின் சல்லடையில் போய் உட்கார்ந்தது. அரிசிப் பருக்கைகளோடு சேர்த்து அள்ளி, உணவுக் கழிவுக்கான சின்னப் பச்சை வாளியில் போட்டேன்.

என் தொழிலை இங்கே சொல்லிவிடுவது நியாயம். சென்னையில் ஒரு நாளிதழில் பதினெட்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். அடுத்தவர் எழுதியதை அச்சுக்குப் போகுமுன் படிப்பதுதான் வேலை. இப்போது ஹென்டர்சனில் ஓர் உணவுக் கிடங்கில், பொட்டலங்களின் லேபிளில் ஒவ்வாமை எச்சரிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு நாட்டிலும், படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சனிக்கிழமை விடுமுறை.

பன்னிரண்டு மணிக்கு இலை போட்டார்கள். தளிகை நாளில் வீட்டுக்குப் புதிதாக வந்த, யாரும் வாய் வைக்காத எந்தப் பண்டமும் சாமிக்குப் போகாமல் நமக்கு வராது. சுத்த சைவம் என்று விசாரணையில் தெளிவான பிறகு தடை ஏது? ஆளுக்கொன்று என்று நான்கு பிஸ்கட் வடைக்குப் பக்கத்தில் இலையில் ஏறின. கற்பூரம் காட்டி முடிந்தபோது பன்னிரண்டு ஐந்து. அந்த நிமிடத்திலிருந்து அவை பிரசாதம்.

பிரசாதத்தை மறுக்கக் கூடாது, மிச்சம் வைக்கக் கூடாது, எறியவே கூடாது. மைத்துனர் மனைவி தன்னுடையதை எடுத்து, தூக்கத்துக்கு என்றதால் படுக்கும்போது சாப்பிடுகிறேன் என்று டப்பாவில் திரும்ப வைத்தார். பத்து வயது மகள் மோந்து பார்த்து, புல் வெட்டும் மெஷின் மாதிரி நாறுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். எனக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரைப் பொங்கலுக்கு விதிவிலக்கு கொடுத்திருந்தேன். ஒரு நாளுக்கு ஒரு விதிவிலக்குதான். மைத்துனர் தன் பங்கைப் பன்னிரண்டு பத்துக்கு, வெறும் வயிற்றில் சாப்பிட்டார்.

"கஸ்தூரி மேத்தி போட்டிருக்காங்க மாப்ள. உடம்புக்கு நல்லது" என்றார்.

சாப்பாடு முடிந்து, பன்னிரண்டு ஐம்பதுக்கு, காப்பியோடு எனக்கும் மகளுக்கும் உரிய இரண்டையும் முடித்தார். பக்திதான் காரணம். பசியும் கொஞ்சம்.

துணிக்கொடியிலிருந்து அவரைப் பிரித்து உள்ளே கொண்டுவர ஏழு நிமிடம் ஆனது. சோபாவில் உட்கார்ந்ததும் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டியது. நெற்றி வியர்வையில் நாமத்தின் ஒரு கால் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது.

"இதயம் ரெண்டாவது கியர்லயே ஓடுது. மாத்த முடியல."

மைத்துனர் மனைவி வரிசையாகக் காரணங்களைச் சொன்னார். விரதம். வெயில் (வெளியே பதினாறு டிகிரி). கண்ணேறு. கடைசியாக, "அண்ணா, சுகர் இறங்கிருச்சோ?" என்றார். அது நல்ல கேள்வி. என் பையிலிருந்த மீட்டரால் அவர் விரலில் குத்திப் பார்த்தேன். ஆறு புள்ளி எட்டு, நம் ஊர்க் கணக்கில் நூற்றிருபத்திரண்டு. எனக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

"மணி என்ன?" என்றார் மைத்துனர்.

"ரெண்டு அஞ்சு."

அவர் கண்ணை மூடினார், திறந்தார். "இப்ப?"

"ரெண்டு ஆறு."

"ஒரு மணி நேரம் ஆகலயா?"

"ஒரு நிமிஷம் ஆச்சு மச்சான்."

அவர் முகத்தில் தெரிந்தது வலி அல்ல, பயம். கால அட்டவணையை வைத்துப் பிழைக்கிறவருக்குக் கடிகாரம் இப்படித் துரோகம் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் எழுந்துபோய் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மோந்தேன். கஸ்தூரி மேத்தி இல்லை.

சென்னையில் எத்தனையோ கஞ்சாச் செய்திகளுக்குத் தலைப்புப் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு: இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது, மேசை மேல் மூட்டைகள், பின்னால் வரிசையாகப் போலீஸ்காரர்கள். எத்தனை கிலோ ஒரு வேனில் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிஸ்கட் ஒரு மனிதனின் வயிற்றுக்குள் போய் என்ன செய்யும், எப்போது செய்யும் என்று பதினெட்டு வருடத்தில் ஒரு வரி படித்ததில்லை.

"இது கஞ்சா" என்றேன்.

மைத்துனர் மனைவி முதலில் பார்த்தது கணவரை அல்ல, பூஜை அலமாரியை.

"சாமி இலையில வச்சோமேண்ணா."

மூன்றாவது வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை. அன்று அவருக்கு விடுமுறை. தொலைபேசியில் நான் இரண்டு வாக்கியம் சொன்னேன். வாசலில் மணி அடித்தபோது இரண்டு இருபத்தொன்று. செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினார்.

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"இல்ல அக்கா. நாத்தம்னு சொல்லிட்டா."

"வடிவா எண்ணினீங்களோ?"

எண்ணினேன். வந்தது எட்டு, டப்பாவில் ஐந்து, வயிற்றில் மூன்று. மகளையும் கூப்பிட்டு நேரடியாகக் கேட்டார். அவள் ஆங்கிலத்தில், தனக்கு மூளை இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னாள்.

"சரி. எத்தனை மணிக்கு? வெறும் வயித்திலயோ? வேறென்ன குளிசை எடுக்கிறவர்? பிரஷருக்கோ? நித்திரைக்கு ஏதும்? குடி?"

பிரஷர் மாத்திரை ஒன்று, காலையில். குடி இல்லை, புரட்டாசி. நான் நேரங்களைச் சொன்னேன். காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் ஒராள்தான் இந்த வீட்டில உருப்படியான வேலை பார்த்திருக்கிறியள்" என்றார். லேபிள் விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

அவர் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். மைத்துனர் அவரை ஏறிட்டுப் பார்த்து, "அக்கா, நான் போயிருவேனா?" என்றார்.

"இல்லைத் தம்பி. நீங்கள் சாகமாட்டியள். ஆனா இன்னும் ரெண்டு, மூண்டு மணித்தியாலத்துக்கு அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருப்பியள்."

"அது வேற, இது வேறயா?"

"ஓம். வேற வேற. நினைப்பு வந்தா எனக்குச் சொல்லுங்கோ, நான் திருத்திவிடுறன்."

பிறகு, விஷம், மருந்து சம்பந்தமாக இருபத்துநான்கு மணி நேரமும் பேசக்கூடிய உதவி எண்ணைக் கூப்பிட்டார். தனக்குத் தெரிந்தாலும் இன்னொருவரையும் கேட்பதுதான் தொழில் என்றார். எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு விதி இருந்தது, யாரும் கடைப்பிடித்ததில்லை. பேசி முடித்துவிட்டு உத்தரவுகள் போட்டார். கையில் காப்பியோடு நின்ற மைத்துனர் மனைவியிடம் காப்பி வேண்டாம், நெஞ்சு ஏற்கெனவே ஓடுகிறது என்றார். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. தனியே விடக் கூடாது. குளிக்க வைக்கக் கூடாது. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், எழுப்பியும் எழும்பாமை, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். வந்தவர்களிடம் என்ன சாப்பிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கார் சாவியை நான் வாங்கிப் பாக்கெட்டில் போட்டேன்.

"புகைச்சா நிமிஷத்தில தெரியும், ஆளுக்குக் காணும், போதும் எண்டு விளங்கும்" என்றார் என்னிடம். "சாப்பிட்டா அப்பிடியில்லை. குடல், ஈரல் எல்லாம் சுத்தி வரோணும். சிலருக்கு அரை மணி, சிலருக்கு ரெண்டு மணித்தியாலம். ஒண்டும் செய்யேல்லை எண்டு மற்றதையும் சாப்பிடுவினம். பிறகு ரெண்டும் சேர்ந்து வரும். இறங்க ஆறு, எட்டு மணித்தியாலம். சில பேருக்கு அடுத்த நாளும் தலை பாரம்."

"இவருக்கு ஒண்ணும் செய்யலங்கறதே தெரியாதே அக்கா. இவர் பிரசாதம்னு சாப்பிட்டார்."

"அதுவும் ஒரு வழிதான்" என்றார்.

கடையில் டாக்டர் சீட்டோடு வருகிறவர்களுக்கு அவர் இதையே எண்ணெயாகக் கொடுக்கிறார். குப்பி, அளக்கும் ஊசிக் குழாய், எத்தனை மில்லி என்று அச்சடித்த லேபிள், அதைத் தானே ஒருமுறை வாசித்துக் காட்டுதல். முதலில் மிகக் குறைவாகத் தொடங்கி, நாள்கணக்கில் பொறுத்துத்தான் கூட்டுவார்களாம். "வீட்டில சுட்ட பிஸ்கட்டில எவ்வளவு இருக்கு எண்டு சுட்ட ஆளுக்கே தெரியாது. ஒரு மூலையில ஒண்டுமில்லை, மற்ற மூலையில ரெண்டு பங்கு. மாவைக் குழைச்ச கை எப்பிடியோ அப்பிடி." பிறகு கேட்டார்: "அந்தப் பெட்டியில ஒண்டும் எழுதியிருக்கேல்லையோ?"

நான் பச்சை வாளியைக் கொண்டுவந்து செய்தித்தாள் விரித்துக் கொட்டினேன். முருங்கைக்காய்ச் சக்கைக்கும் காப்பித் தூளுக்கும் கீழே, நான்காக மடங்கிப் போய் இருந்தது. மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. தடித்த பேனாவில் மூன்று வரி. பாதி மட்டும். இரண்டு மணி நேரம் பொறு. வண்டி ஓட்டாதே.

நல்ல நடை. ஒரு சொல்லை எடுக்கவோ சேர்க்கவோ முடியாது. மூன்று முழு பிஸ்கட் என்றால் ஆறு பாதி, ஆறு மடங்கு. அக்கா அதைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

"இதை ஆர் கழுவினது?"

"நான்தான்."

அவர் எனக்குக் கொடுத்திருந்த நற்சான்றை அந்தப் பார்வையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்.

மூன்று மணியிலிருந்து நாலரை வரை உச்சம். மைத்துனர் இரண்டு தடவை விடைபெற்றார். முதல் தடவை மனைவியிடம், தன் தோசைக்கல்லை யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்களுக்குக் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது என்று. இரண்டாவது தடவை என்னிடம்.

"மாப்ள, திங்கக்கிழமை அஞ்சு பத்து வண்டி."

"அது நாளன்னைக்கு மச்சான்."

"டிப்போல சோதிப்பாங்க மாப்ள. சீட்டுக் குலுக்கற மாதிரி. பேர் வந்தா மூத்திரம் குடுக்கணும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் முழுத் தெளிவாக இருந்தது. அந்த மதியத்தில் அவர் சொன்ன ஒரே பகுத்தறிவான பயம் அதுதான். அவர் விசா அந்த டிப்போவின் பெயரில் இருந்தது. வேலை போனால் விசா போகும். நிரந்தரமாகத் தங்குவதற்குப் போட்ட விண்ணப்பம் போகும். மகளின் பள்ளி, இந்த வீடு, வேலி, எல்லாம்.

மைத்துனர் மனைவி அக்காவைப் பார்த்தார். "திங்கக்கிழமைக்குள்ள போயிரும்ல?"

"தலையில இருந்து நாளைக்கே போயிடும். மூத்திரத்தில இருந்து போகாது. வழமையாப் பாவிக்காத ஆளுக்குச் சில நாள், சிலருக்கு இன்னும் கனக்க. ஆருக்கு எத்தனை நாள் எண்டு நான் எழுதித் தரேலாது."

"மோர் நிறையக் குடுத்தா?"

"மோர் குடுத்தா மோர் போகும்."

"எலுமிச்சம்பழம்?"

"பிள்ளை, நீர் இப்ப மருந்துக் கடைக்காரியோட கதைக்கிறீர்."

நாலு மணி சுமாருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, தோள் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்திருந்தார். நான் போய் நடந்ததைச் சொன்னேன். மூன்று என்றதும் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவரே பாதிதான் சாப்பிடுவாராம், அதுவும் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு, பல்லெல்லாம் துலக்கிவிட்டு. சில வருடங்களுக்கு முன் இதைச் சட்டப்பூர்வமாக்கலாமா என்று நாடு வாக்கெடுப்பு நடத்தியபோது அவர் ஆம் என்று போட்டார். இல்லை என்ற பக்கம் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது. தக்காளிகளுக்குப் பின்னால் இருந்த செடி முடிவை ஏற்கவில்லை.

"ஆனால் மூடியில் எழுதியிருந்தேனே" என்றார்.

"எழுதியிருந்தீர்கள். நான் கழுவிவிட்டேன்."

"ஏன்?"

இதற்கு என்னிடம் இருந்த பதிலை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வாக்கியம் முயன்றேன். பின்னாலிருந்து மைத்துனர் மனைவி வந்து, கோபம் குறையாமலே ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டினார். முறுக்கு நிரம்பியிருந்தது. காலையிலேயே நிரப்பியாகிவிட்டது, திட்டுவதற்காக அதைத் திரும்பக் கொட்ட முடியாது. அக்கா மீதி ஐந்து பிஸ்கட்டையும் ஒரு பையில் போட்டு, பூட்டிவையுங்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இனிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தம்மா இரண்டையும் கைக்கொன்றாக வாங்கிக்கொண்டு, அழுதார்.

ஆறரைக்கு மைத்துனர் தயிர்சாதம் கேட்டார். ஏழு மணிக்கு, வீடு நின்றுவிட்டது என்று அறிவித்தார். எட்டரைக்குத் தூங்கிப்போனார். நான் அன்றிரவு அங்கேயே தங்கினேன். அக்கா அரை மணிக்கொரு தடவை தொட்டு எழுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு, தான் வந்த காரணம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டு நாற்பதுக்கு, பதற்றத்தில், மைத்துனர் மனைவி புரட்டாசித் தளிகைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தார்: பக்கத்து வீட்டு பிஸ்கட் வாங்கியவர்கள் யாரும் சாப்பிட வேண்டாம், கஞ்சா இருக்கிறது, என் வீட்டுக்காரருக்கு மயக்கம். மூன்று சிவப்பு விளக்குப் படங்களோடு. நோக்கம் நல்லது. குழுவில் நாற்பத்தொரு பேர். அதில் ஒருவரின் கணவர் அதே டிப்போவில் ஓட்டுநர்.

இதை ஞாயிற்றுக்கிழமை காலைதான் கண்டுபிடித்தோம். அதுவரை மைத்துனரின் திட்டம், இரண்டு வாரம் முதுகுவலி என்று விடுப்புப் போடுவது. தலை பாரமாக, போர்வையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முதுகுவலியின் அறிகுறிகளை என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் மனைவி கைபேசியை அவர் முன் வைத்தார். செய்திக்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அவர் போர்வையை விலக்கிவிட்டுப் படித்தார்.

"முதுகுவலின்னு யார் நம்புவா இனிமே?"

"சாரிங்க."

"நீ எச்சரிக்கைதான பண்ணின." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நடந்ததை எழுதுங்க. நானே குடுத்துடறேன்."

உண்மையைச் சொல்வது என்று அவர் முடிவெடுத்தார் என்று எழுதினால் அது சரியான வாக்கியம்தான். முழுமையான வாக்கியம் அல்ல.

டிப்போ மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் தயார் செய்ய மூன்று மணி நேரம் ஆனது. யார், எங்கே, எப்போது, எவ்வளவு, எப்படி. மைத்துனர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பேரம் பேசினார்.

"மூணுன்னு வேணாம். ஒண்ணுன்னு போடுங்க."

"மச்சான், சோதனை பண்ணினா?"

"ஒன்றரை?"

"மூணு."

"உங்க பத்திரிகையில எல்லாம் இப்படியா இருந்தீங்க?"

அப்படி இருக்கவில்லை. மூன்று என்றே போட்டேன். யார் கொடுத்தது என்பதை மட்டும் அவர் எழுத விடவில்லை. அந்தம்மா வேலியோரம் வந்து, தான் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். போட்டால் தன் மேல் தானே புகார் கொடுத்த மாதிரி. "வேணாம்னு சொல்லுங்க மாப்ள. அவங்க எழுதித்தான் குடுத்தாங்க. நாமதான் படிக்கல" என்றார் மைத்துனர். நாம என்றதற்கு நான் அவருக்கு இன்றுவரை கடமைப்பட்டவன். 'தெரிந்தவர் ஒருவர் வீட்டில் செய்து கொடுத்த பிஸ்கட்' என்று எழுதினோம். மேலாளரை ஞாயிறு மாலையே தொலைபேசியில் கூப்பிட்டு, திங்கட்கிழமை வண்டி எடுக்க மாட்டேன், ஆனால் வருவேன் என்று சொன்னார். சொல்லும்போது எழுந்து நின்றார்.

திங்கட்கிழமை காலை நானே காரில் கொண்டுபோய் விட்டேன். மேலாளர் சமோவாக்காரர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். அலுவலகக் கதவு திறந்தே இருந்ததால் வெளியே நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்டது. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மூன்று ஏன்?"

சாமிக்கு வைத்ததை எறியக் கூடாது என்றார் மைத்துனர்.

மேலாளர் கடிதத்தை மடித்தார். தன் தேவாலயத்தில் மிஞ்சுகிற அப்பத்தையும் எறிவதில்லை, யாராவது சாப்பிட்டுத்தான் முடிக்க வேண்டும், பெரும்பாலும் அது தான்தான் என்றார். பிறகு படிவத்தை எடுத்து, இதற்கு இங்கே கட்டம் இல்லை என்று சொல்லி, சோதனை அறைக்கு அனுப்பினார்.

எதிர்பார்த்த மாதிரியே, இருக்கிறது என்று வந்தது. வண்டி தொடக் கூடாது. டிப்போவில் பஸ் கழுவும் வேலை. மேலிடம் முடிவு செய்யும்வரை காத்திரு. அவர் காலையில் போய்ப் பஸ் கழுவினார். சாயங்காலம் வந்து வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். அப்போதும் கொஞ்சம் இருந்தது. அந்த வாரம் மைத்துனர் மனைவி வீட்டில் விசா என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்று தடை போட்டார். அதனால் எல்லோரும் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது சோதனையில் இல்லை என்று வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, கடிதம் வந்தது. மைத்துனர் அதைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் முதலிலிருந்து கடைசிவரை, அடிக்குறிப்பு உட்படப் படித்தேன். தானாக முன்வந்து சொன்னது கணக்கில் எடுக்கப்பட்டது. வேலை தொடர்கிறது. சம்பவம் ஆறு மாதம் கோப்பில் இருக்கும், அந்த ஆறு மாதத்தில் எந்த நாளும் சோதிக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்கு அவர் வண்டியை எடுத்தார். முதல் நிறுத்தத்தில் நான்கு பேர் ஏறினார்கள்.